கை தெரியாத கைவேலை

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் வடக்குப் பக்கமாக நடந்து போனால், மேற்கு நூறாம் தெருவைத் தாண்டியதும் ஒரு சின்னக் குளம் வரும். ‘பூல்’ என்பதுதான் அதன் பெயர்; அலங்காரம் எதுவும் இல்லாத பெயர். அதன் கீழைக்கோடியில் நீர் ஒரு பாறை விளிம்பைத் தொட்டு, சற்றே தயங்கி, பிறகு மெல்ல வழிந்து விழுகிறது. அங்கிருந்து ஓடையாகி, நெளிந்து, இன்னும் சில சிற்றருவிகளாக இறங்கி, மரங்கள் கவிந்த பள்ளத்துக்குள் நுழைந்து போகிறது. கொஞ்சம் நின்று கேளுங்கள். மன்ஹாட்டனின் நடுவே நிற்கிறோம் என்ற நினைப்பையே அந்தச் சலசலப்பு துடைத்துவிடும்.

அந்த நீர் நகரத்தின் குழாயிலிருந்து வருகிறது. குழாயின் வாய் கற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. முன்பு அவ்விடத்தில் மெய்யாகவே ஒரு சிற்றோடை ஓடியது. அதைத் தேக்கி, திருப்பி, பார்த்துப் பார்த்துப் பாறைகளை வைத்து, இப்படி விழ வேண்டும் இப்படி வளைய வேண்டும் என்று நீருக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் அருவியின் அழகு குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, தெரிந்த பிறகுதான் அது இரட்டிப்பானது. அருவியை ரசித்த கண், அருவியை அங்கே வைத்த கையையும் சேர்த்து ரசிக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்தப் பூங்கா முழுவதுமே அப்படிப்பட்டதுதான். 59ஆம் தெருவிலிருந்து 110ஆம் தெரு வரை, 843 ஏக்கர். பாறைகள் மட்டும் பூர்வீகம். பனியாறுகள் உரசிச் சென்ற கோடுகளை இன்னும் முதுகில் தாங்கிக் கிடக்கின்றன. ஏரிகள் வெட்டியவை. குன்றுகளில் பல கொட்டி உயர்த்தியவை. புல்வெளிகள் மண் சுமந்து பரப்பியவை. 1858இல் நடந்த போட்டிக்கு வந்த 33 திட்டங்களில் ஃபிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் இருவரும் சேர்ந்து கொடுத்த திட்டம் தேர்வானது. ஒருவர் எழுத்தும் விவசாயமும் பழகியவர். மற்றவர் இங்கிலாந்திலிருந்து வந்த கட்டடக் கலைஞர். செய்தது தெரியாமல் செய்ய வேண்டும் என்பதே அவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட கடமை. அந்தக் கை தெரியாத கைவேலையின் சில இடங்களை நாம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில், கண்ணில் படவே படாத ஒன்று. பூங்காவைக் குறுக்கே கடந்து நான்கு சாலைகள் போகின்றன. கிழக்கு மன்ஹாட்டனிலிருந்து மேற்குக்குப் போகும் பேருந்தும் டாக்ஸியும் லாரியும் அவற்றில்தான் ஓடுகின்றன. ஆனாலும் பூங்காவில் உலவுகிற பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே உறைப்பதில்லை. தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி, இருபுறமும் கற்சுவர் எழுப்பி, மேலே பாலமும் பாலத்தின் மேல் மண்ணும் மண்ணின் மேல் செடியும் வைத்திருக்கிறார்கள். நல்ல தையற்காரர் தைத்த சட்டையில் தையல் உட்பக்கமாகவே நின்றுவிடுவதில்லையா, அதுபோல இந்த நகரத்தின் போக்குவரத்து பூங்காவின் உட்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மோட்டார் வண்டி என்பதையே உலகம் பார்த்திராத காலத்தில் போட்ட திட்டம் இது. குதிரை வண்டிகளின் இரைச்சலுக்காக யோசித்தது, இன்றைய ஆம்புலன்ஸுக்கும் இடம் கொடுத்து நிற்கிறது. பூங்காவின் உள்வட்டச் சாலைகளில் ஓடிய கார்கள் 2018இல் முற்றிலும் நிறுத்தப்பட்டபோது, மூலத் திட்டத்தின் அமைதி இன்னும் சற்று மீண்டது.

அடுத்து, மரங்களின் அணிவகுப்பு ஒன்று. வளைவுகளையே காதலித்த அந்த இருவரும் பூங்காவின் தென்பகுதியில் ஒரே ஒரு நெடுந்தெருவை நேர்கோட்டில் போட்டார்கள். ‘மால்’ என்று பெயர். இருபுறமும் அமெரிக்க எல்ம் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்ம் மரத்தின் வடிவே தனி எழில். அடிமரம் நேராக எழுந்து, ஓர் உயரத்தில் பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வெளிப்புறமாகச் சாய்ந்து விரிகிறது. எதிரெதிர் வரிசைகளின் கிளைகள் மேலே கைகோத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு நீண்ட விதானம் உருவாகிவிடுகிறது. கோடையில் அதன் அடியில் விழும் ஒளி பச்சையாக இருக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும், கரிய கிளைகளின் மெல்லிய பின்னல் வானத்தின் மேல் கோடு கோடாகத் தெரியும். எது கூடுதல் அழகு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த விதானம் இன்று நிலைத்திருப்பதே ஓர் ஓயாத காவலால்தான். அமெரிக்காவின் எல்ம் மரங்களை இருபதாம் நூற்றாண்டில் ஒரு பூஞ்சை நோய் ஊர் ஊராக அழித்தது. பட்டை வண்டு அதைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் போகும். வட அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் பெரிய எல்ம் தோப்புகளில் ஒன்று இது. கோடைதோறும் மரப் பணியாளர்கள் அண்ணாந்து பார்த்தபடியே இங்கே நடக்கிறார்கள். பச்சைக்கு நடுவே ஒரு கிளை மட்டும் காலமல்லாத காலத்தில் மஞ்சள் காட்டுகிறதா, ஒரு கொத்து இலை மட்டும் சுருண்டு தொங்குகிறதா என்று தேடுகிறார்கள். கண்டால் அந்தக் கிளையை உடனே கழித்து அப்புறப்படுத்துகிறார்கள். மரம் தேறாது என்றால் மரத்தையே வெட்டி, பக்கத்து மரத்துக்குப் பரவாமல் தடுக்கிறார்கள். அடியில் காதலர்களும் ஓவியர்களும் சாக்ஸஃபோன் வாசிப்பவரும் இருக்க, மேலே இலைகளின் நிறத்தைப் படித்துக்கொண்டு ஒருவர் நடக்கிறார். ஒரு மரத்தின் மேல் வைக்கும் அன்பு, அதன் ஒற்றை மஞ்சள் இலையைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூர்மையாக இருக்கிறதே என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

மால் போய் முடியும் இடத்தில் படிகள் கீழிறங்குகின்றன. 72ஆம் தெருச் சாலைக்கு அடியில் ஒரு மண்டபம். அதைத் தாண்டினால் பெதெஸ்டா முற்றமும் ஏரியும். அவசரப்பட்டு ஏரிக்குப் போய்விடாதீர்கள். மண்டபத்தின் நடுவில் நின்று தலையை உயர்த்துங்கள்.

மேற்கூரை முழுவதும் டைல்ஸ். தேன்நிறம், செங்காவி, நீலம், வெண்மை என்று பூவும் கொடியும் வட்டமும் சதுரமுமாகப் பின்னிய கோலம். இங்கிலாந்தின் பெயர்பெற்ற மின்டன் நிறுவனத்தில் செய்தவை. மேலே பூசிய வண்ணம் அல்ல இது. வெவ்வேறு நிறக் களிமண்ணை அச்சில் பதித்துச் சுட்டு, கோலத்தை மண்ணின் உடம்பிலேயே ஏற்றியிருக்கிறார்கள். தேய்ந்தாலும் கோலம் அழியாது என்பதால் இத்தகைய டைல்களைத் தேவாலயங்களிலும் மாளிகைகளிலும் தரையில் பதிப்பதுதான் வழக்கம். காலடியில் கிடக்க வேண்டியதைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துப் பார்க்கத் துணிந்தவர் ஜேக்கப் ரே மோல்ட் என்னும் கலைஞர். 49 பலகங்கள், பலகத்துக்கு 324 டைல்கள், மொத்தம் 15,876. ஒரு பலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணால் அதன் ஓரத்தைச் சுற்றி வாருங்கள். கரையில் ஓடும் கொடி மூலையில் எப்படித் திரும்புகிறது, திரும்பும்போது தாளம் தப்பாமல் எப்படி அடுத்த பக்கத்தைப் பிடிக்கிறது என்பதிலேயே ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும்.

இந்தக் கூரைக்கு ஒரு நீண்ட வனவாசமும் உண்டு. மேலே ஓடும் சாலையிலிருந்து கசிந்த நீர், டைல்களைத் தாங்கிய இரும்பை அரித்துவிட்டது. 1980களில் அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். இருபதாண்டுகளுக்கும் மேல் அவை பெட்டிகளில் உறங்கின. பிறகு பணம் சேர்ந்தது, கைவேலைக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு டைலையும் கையால் கழுவி, உடைந்ததை ஒட்டி, மங்கியதைத் தெளிவித்து, தேறாதவற்றுக்கு ஈடாகப் புதியவற்றை இங்கிலாந்திலேயே பழைய முறைப்படி செய்வித்து, 2007இல் மீண்டும் மேலே ஏற்றினார்கள். எது பழையது எது புதியது என்று தேடிப் பார்ப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. இதுவரை தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். செப்பனிட்டவரின் வெற்றி அது. அதன் அடியில் நாலைந்து பேர் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தால், கல்லும் டைலும் குரலைத் திரும்பத் தந்து அதை ஒரு குழுவின் பாட்டாகப் பெருக்கிவிடும். பாடுகிறவர்கள் இந்த இடத்தைத் தேடி வருவதன் காரணம் அதுதான்.

வெளியே வந்ததும் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரைக் கவனியுங்கள். இதுவும் மோல்ட் வரைந்த சிற்பவேலைதான். நான்கு பருவங்களும் கல்லில் ஏறியிருக்கின்றன. பழமும் பூவும் கொடியும் பறவையும் மேலிருந்து கீழ்வரை சரிந்து இறங்குகின்றன. சுவடு மறையாத மெல்லிய இலை நரம்பு வரை உளி போயிருக்கிறது. சாலையை ஒட்டிய மேல்மட்டத் தூண்களில் பொழுதுகள் இருக்கின்றன. காலைக்கு, கூவும் சேவலும் எழும் சூரியனும். இரவுக்கு, ஆந்தையும் வௌவாலும். இன்னொரு பக்கத்தில், துடைப்பத்தில் ஏறிப் பறக்கிற ஒரு சூனியக்காரி! இத்தனை கம்பீரமான முற்றத்தில், பெரியவர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குழந்தைகள் கண்டுபிடித்துக் கூச்சலிடட்டும் என்று ஒரு குறும்பை அவர் ஒளித்து வைத்திருக்கிறார். அழகுக்கு நடுவே புன்னகைக்கும் இடம் விட்ட அந்த மனசை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

முற்றத்தின் நடுவே நீரூற்றின் மேல் சிறகு விரித்து நிற்கிறாள் ஒரு தேவதை. எம்மா ஸ்டெபின்ஸ் வடித்த வெண்கலச் சிலை, 1873இல் திறந்துவைத்தார்கள். நியூயார்க் நகரம் பொது இடத்துக்கான பெரும் படைப்பொன்றை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தது அதுவே முதல் முறை. 1842இல் க்ரோட்டன் ஆற்றிலிருந்து நகரத்துக்குத் தூய குடிநீர் வந்துசேர்ந்ததைப் போற்றும் சிலை இது. காலராவில் துவண்ட ஊருக்கு நல்ல தண்ணீர் எத்தனை பெரிய வரம் என்பது நமக்குச் சொல்லாமலே புரியும். தேவதை நிற்கும் பாங்கைப் பாருங்கள். பறந்து வந்தவள் இன்னும் முழுதாகக் கால் ஊன்றவில்லை. ஆடையின் மடிப்புகளில் காற்று மிச்சமிருக்கிறது. ஒரு கையில் அல்லி மலர். மற்றக் கை கீழே உள்ள நீரை நோக்கி நீண்டிருக்கிறது, ஆசி சொல்கிற தோரணையில்.

பெரியவற்றைப் பார்த்தது போதும். மிகச் சிறிய ஒன்றுக்கு வருவோம்: விளக்குக் கம்பங்கள். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தை வடிவமைத்த ஹென்றி பேக்கன்தான் இவற்றையும் வரைந்தார். வார்ப்பிரும்புத் தண்டு, அதன் மேல் இலைவேலைப்பாடு, உச்சியில் மொட்டு வடிவ விளக்கு. மரங்களுக்கிடையே நிற்கும்போது தானும் ஒரு மரமாகப் பார்க்கிற அடக்கம் அதற்கு. குனிந்து பார்த்தால் கம்பத்தில் ஒரு சின்னத் தகடு. அதில் நான்கு இலக்கம். 7413 என்று இருந்தால், முதல் இரண்டும் நாம் 74ஆம் தெருவுக்கு நேரே இருக்கிறோம் என்கின்றன. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் பூங்காவின் மேற்குப் பாதி. இரட்டைப்படை என்றால் கிழக்குப் பாதி. வளைந்து வளைந்து போகும் பாதையில் திசை கெட்டு நிற்பவருக்கு இதைவிட நாகரிகமாக யாராலும் வழி சொல்ல முடியாது. அம்புக்குறி இல்லை, பெரிய பலகை இல்லை. கேட்டவருக்கு மட்டும் காதோடு சொல்லிவிட்டு விளக்கு தன் வேலையைப் பார்க்கிறது.

பாலங்களுக்கும் தனித்தனித் தன்மானம் உண்டு. முப்பதுக்கும் மேற்பட்ட பாலங்களும் வளைவுகளும் பூங்காவில் இருக்கின்றன. ஒன்றின் சாயல் மற்றொன்றில் இல்லை. 1862இல் முடிந்த ‘போ’ பாலத்தின் வார்ப்பிரும்பு வளைவு, ஏரியின் மேல் ஒரே மூச்சில் இழுத்த கோடு. அதன் கைப்பிடியில் பின்னிய வட்டங்களின் நிழல் வெயில் நேரத்தில் நடைபலகையின் மேல் விழுந்து இன்னொரு கைப்பிடியை வரைகிறது. நேர்மாறான அழகுக்கு வடக்கே போக வேண்டும். முதலில் பார்த்த ஓடை நுழைகிற பள்ளத்தின் கடைசியில் ஹடில்ஸ்டோன் வளைவு. அக்கம்பக்கத்துப் பெரும்பாறைகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் கட்டியது. சாந்து என்பதே இல்லை. பாறையின் எடையே பாறையைப் பிடித்து நிற்கிறது. கட்டியதா, சரிந்து கிடந்ததா என்று ஐயப்படும்படி விட்டிருக்கிறார்களே, அதுதான் வித்தை.

இடையிடையே மரக்கிளைகளால் கட்டிய நிழற்கூடங்கள் தென்படும். எளிதில் உளுத்துப்போகாத பிளாக் லோகஸ்ட் போன்ற மரங்களின் கிளைகளை, அறுவை மில்லுக்கு அனுப்பாமல், வளைந்தது வளைந்தபடியே எடுத்துக் கோத்திருக்கிறார்கள். எந்த வளைவு எந்த மூலைக்கு முட்டாகும், எந்தக் கவட்டை எந்தக் கைப்பிடிக்குப் பொருந்தும் என்று மரக்குவியலில் தேடும் தச்சர்களின் குழு இன்றும் பூங்காவில் வேலை செய்கிறது. அளவெடுத்து வெட்டுவதற்கு ஒரு திறமை போதும். வெட்டாமலே பொருத்துவதற்கு மரத்தோடு நெடுநாள் பழக்கம் வேண்டும்.

எங்காவது உட்காரலாம். ஏறத்தாழ பத்தாயிரம் பெஞ்சுகள் இருக்கின்றன. சாய்மானத்தில் கை வைத்தால் சில்லென்று ஒரு சிறு உலோகத் தகடு தட்டுப்படும். 1986 முதல், பெஞ்சு ஒன்றின் பராமரிப்புக்கு நன்கொடை கொடுப்பவர்கள் சில வரிகள் எழுதிப் பதித்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான பெஞ்சுகள் இப்படித் தத்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இடம் குறைவு என்பதால் வார்த்தை தானாகவே சுத்தமாகிவிடுகிறது. இந்த இடத்தில் திருமணம் கேட்டவர், சம்மதம் சொன்னவர். ஐம்பதாண்டு இல்வாழ்க்கையைக் கொண்டாடும் பேரப்பிள்ளைகள். இங்கேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்த அப்பாவுக்கு மகள். செத்துப்போன நாய்க்கு எஜமானர். பூங்காவில் மெல்ல நடந்து பெஞ்சு பெஞ்சாகப் படித்துக்கொண்டு போனால் ஓர் ஊரின் மனம் முழுவதையும் படித்துவிடலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, அந்தப் பணம் போகும் வழி. துக்கமும் காதலும் பலகை மாற்றவும் திருகு முடுக்கவும் பயன்படுகின்றன. யாரோ ஒருவரின் நினைவின் மேல் அடுத்தவர் சாய்ந்து இளைப்பாறுகிறார்.

சிலைகளில் இன்னொரு வகைக் கைவேலை நடக்கிறது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரத்துக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தைப் பனியில் கொண்டுசேர்த்த நாய்ப்படையில் கடைசிக் கட்டத்தை இழுத்த பால்டோவுக்கு இங்கே சிலை உண்டு. ஃபிரெடரிக் ராத் செய்தது, அதே ஆண்டில் வைத்தது. உடல் கறுத்துப் பசுமையோடியிருக்க, முதுகும் காதும் மட்டும் பொன்னாக மின்னுகின்றன. பல தலைமுறைக் குழந்தைகள் ஏறி உட்கார்ந்து, காதைப் பிடித்து, தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. ஹோசே தெ க்ரீஃப்ட் வடித்த, 1959இல் வந்த ஆலிஸ் சிலைக்கும் அவள் அமர்ந்திருக்கும் காளானுக்கும் அதே பாக்கியம். பூங்காவின் சிலைப் பராமரிப்புக் குழுவினர் வெண்கலத்தைக் கழுவி, மெழுகு பூசி, மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காக்கிறார்கள். ஒரு பக்கம் பயிற்சி பெற்ற கைகளின் மெழுகு, இன்னொரு பக்கம் பிஞ்சுக் கைகளின் மெருகு. இரண்டும் சேர்ந்துதான் அந்த நிறம்.

இத்தனையும் ஒரு தலைமுறைக்கு முன்பு கைநழுவிப்போக இருந்தது. 1970களில் நகரம் கடனில் தத்தளித்தபோது பூங்காவும் சீரழிந்தது. 1934 வரை மெய்யான ஆடுகள் மேய்ந்த ‘ஷீப் மெடோ’ புல்வெளி புழுதித் திடலாயிற்று. சுவரெல்லாம் கிறுக்கல். 1980இல் எலிசபெத் பார்லோ ரோஜர்ஸ் முன்னின்று, நகரத்தோடு சேர்ந்து பூங்காவைப் பேண ‘சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி’ என்னும் அமைப்பை உருவாக்கினார். இன்று செலவின் பெரும்பகுதி பொதுமக்களின் நன்கொடையிலிருந்து வருகிறது.

அந்த அமைப்பினர் கண்ட முறைகளில் மிக நயமானது ஒன்று உண்டு. 1990களின் நடுவில் பூங்கா முழுவதையும் 49 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். களை எடுப்பதும் கவாத்து செய்வதும் பெஞ்சு உடைந்ததைச் சொல்வதும் குப்பையைப் பார்ப்பதும் அவர் பாடு. எல்லாரும் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று இருந்தபோது யாருமே பொறுப்பில்லாமல் கிடந்த இடம், இவருடைய இடம் என்று ஆனதும் முகம் மாறிவிட்டது. ஒரே பாத்தியை வருடக்கணக்கில் பார்க்கிறவருக்கு அது பேசும். மழை பெய்தால் நீர் எந்த மூலையில் தேங்கும், எந்தப் புதரடியில் பறவை கூடு வைக்கும் என்றெல்லாம் கால்களுக்கே தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்தார் அவரைப் பெயர் சொல்லி நலம் விசாரிக்கிறார்கள். தம் வீட்டு ஜன்னல் செடிக்கு என்ன வந்தது என்று கேட்கிறார்கள். தன்னார்வலர்கள் வந்து அவரோடு குனிந்து நிற்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அள்ளிய சருகு வெளியே போவதில்லை. வடபகுதியில் குவித்து மக்கவைத்து, மறுபடி பாத்திகளுக்கே உரமாகத் திரும்புகிறது. போன வருஷத்து நிழல் இந்த வருஷத்துப் பூவுக்கு உணவாகிறது.

‘கிரேட் லான்’ என்னும் பெரும்புல்வெளியைக் குளிர்காலம் முழுவதும் மூடிவைக்கிறார்கள். புல்லுக்கும் ஓய்வு வேண்டும் என்று ஒரு மாநகரம் ஒப்புக்கொண்டு வேலிக்கு வெளியே பொறுமையாகக் காத்திருக்கிறது. பராமரிப்பு என்பதில் மக்களின் பங்கு பல வேளைகளில் இவ்வளவுதான்: மிதிக்காமல் இருப்பது. அதைச் செய்யும் லட்சக்கணக்கான கால்களையும் நாம் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தக் கால்களின் நாள் எத்தனை இனிமையாக ஓடுகிறது! காலை ஒன்பது மணி வரை நாய்களுக்குக் கயிற்றிலிருந்து விடுதலை. எஜமானர்களுக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. நாய்களின் பெயர் அத்தனையும் தெரியும். மே மாதம் பிறந்தால் ‘ரேம்பிள்’ காட்டுப்பகுதியில் பைனாக்குலரோடு ஒரு கூட்டம் கிசுகிசுத்தபடி திரியும். வலசை போகும் சிறு பாடும்பறவைகளுக்கு, கட்டடக் காட்டின் நடுவே பச்சையாகத் தெரியும் இந்த நீள்சதுரம் வழிச்சத்திரம். 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்னும் பறவையியலாளர், கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுடும் பழக்கத்துக்கு மாற்றாக எண்ணுவோம் என்று அழைத்தபோது, முதல் கணக்கெடுப்பு நடந்த இடங்களில் இதுவும் ஒன்று. எண்ணிக்கை இன்றும் தொடர்கிறது. கோடையில் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு இலவசச் சீட்டு வாங்க விடியலிலேயே பாய் விரித்து வரிசை பிடிப்பார்கள். 1962 முதல் இது ஊர் வழக்கம். சதுரங்க மேசையில் தாத்தாவிடம் தோற்றுக்கொண்டிருக்கும் பையன். பொம்மைப் படகுக் குளத்தில் பாய்மரத்துக்குக் காற்று தேடும் வயோதிகர். ஹார்லெம் மீர் ஏரியில் மீனைப் பிடித்து, பார்த்து மகிழ்ந்து, திரும்ப நீரிலேயே விடும் சிறுமி. ஜான் லெனனின் நினைவாக, நேப்பிள்ஸ் நகரம் பரிசளித்த வட்டச் சித்திரக்கல்லின் மேல் யாரோ முன்பின் தெரியாதவர்கள் பூவிதழ்களை அடுக்கி நேர்செய்துகொண்டிருப்பார்கள். இவர்கள் இல்லாமல் அந்த டைலும் கல்லும் இரும்பும் ஓர் அருங்காட்சியகமாகத்தான் நின்றிருக்கும்.

இந்த மண்ணைப் பாராட்டும்போது, இதற்கு முன்பு இங்கே வாழ்ந்தவர்களையும் நினைக்க வேண்டும். மேற்கே 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையே செனிகா கிராமம் இருந்தது. 1825 முதல் கறுப்பின மக்கள் தம் சொந்தப் பணத்தில் மனை வாங்கி, வீடும் தேவாலயங்களும் பள்ளியும் எழுப்பிய ஊர். 1857இல் பூங்காவுக்காக அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த இடத்தில் இன்று அவர்களின் கதை சொல்லும் பலகைகள் நிற்கின்றன. அவற்றைப் படிப்பதும் இந்தப் பூங்காவைப் பேணுவதன் ஒரு பகுதிதான்.

கடைசியாக, வாயில்கள். பூங்காவைச் சுற்றி இடுப்பளவுக்கு ஒரு கற்சுவர் ஓடுகிறது. பணக்காரர்கள் சிலர் அரண்மனை வாசல்களைப் போன்ற ஆடம்பர நுழைவாயில்களை விரும்பினார்கள். வாக்ஸ் பிடிவாதமாக மறுத்தார். எவரும் தயங்காமல் நுழையும்படி, சுவரில் வெறும் இடைவெளி போதும் என்றார். அந்த இடைவெளிகளுக்கு 1860களில் பெயர் வைத்தபோது எந்தக் கோடீஸ்வரருக்கும் அரசியல்வாதிக்கும் இடம் தரவில்லை. கைவினைஞர் வாயில், உழவர் வாயில், பொறியாளர் வாயில், மாலுமிகள் வாயில், அறிஞர் வாயில், பெண்கள் வாயில், குழந்தைகள் வாயில். 106ஆம் தெருவில், படியேறிப் போகும் ஒரு வாசலுக்கு அந்நியர் வாயில். எழுத்துகள் சுவரின் கல்லிலேயே, பெரிதும் இல்லாமல் சிறிதும் இல்லாமல், நிதானமான இடைவெளியோடு வெட்டப்பட்டிருக்கின்றன. சில பெயர்கள் கல்லில் ஏற நூறாண்டுக்கும் மேல் காத்திருந்தன. யாரெல்லாம் சேர்ந்து ஒரு நகரம் ஆகிறது என்பதற்கு இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு மரியாதையான பட்டியலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஒரு தொழிலின் பெயர் அதில் விட்டுப்போயிருக்கிறது. தோட்டக்காரர் வாயில் என்று ஒன்று கிடையாது. பெயர் வைத்தவர்கள், பூங்காவுக்கு வருகிறவர்களைப் பற்றி மட்டுமே யோசித்தார்கள் போலும். வராமலே உள்ளே இருக்கிறவர்களை மறந்துவிட்டார்கள். கல்வெட்டுக்காரரின் உளிக்கு இன்னொரு முறை வேலை கொடுப்பதாக இருந்தால், நான் அந்தப் பெயரைத்தான் சொல்வேன். அதுவரைக்கும், பாத்தியில் குனிந்திருக்கும் ஒருவரைக் கண்டால் நின்று, இந்தச் செடியின் பெயர் என்ன என்று கேளுங்கள். பதில் எளிதில் முடியாது என்று முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன்.